வெளிநாட்டுக்கு இசைத்தட்டு அனுப்பும்போது இன்சூரன்ஸ்: கூரியர் கவுன்டரில் கட்டினால் போதுமா?

ராயபுரம்_ரிக்கார்டு:

எல்லாருக்கும் வணக்கம். டொரொன்டோவில் ஒருத்தருக்கு 12 எல்பி (வினைல் தட்டு), 6 பழைய 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று சுத்துற பழைய வகை) அனுப்பணும். எல்பி மொத்தம் 1,40,000 ரூபாய். அதில் ஒரே ஒரு தட்டு மட்டும் 60,000. 78 ஆறும் சேர்த்து 24,000. பணம் வந்தாச்சு.

பாரிமுனைப் பக்கம் கூரியர்ல கேட்டா, "டிக்ளேர்ட் வேல்யூ போட்டுடுங்க சார், அதுவே இன்சூரன்ஸ்"ன்னு சொல்றாங்க. ஜிபிஓவில் (தலைமைத் தபால் நிலையம்) பார்சலா போட்டா செலவு குறையுது. வாங்குறவர் வேற, பில்லில் "கிஃப்ட், 50 டாலர்"னு போடச் சொல்றார், அங்கே வரி மிச்சமாகுமாம். தட்டு உடைஞ்சாலோ காணாமப் போனாலோ முழுப் பணமும் திரும்பக் கிடைக்க என்ன வழி? எந்த வரிசையில் செய்யணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்ணடி_கார்கோ:

முதலில் அந்த கிஃப்ட் யோசனையை விட்டுடுங்க தம்பி. 50 டாலர்னு எழுதின பெட்டிக்கு 1,64,000 கேட்டு எந்தக் கம்பெனியிடமும் போய் நிற்க முடியாது. இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் காகிதமே ஷிப்பிங் பில்லும் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) இன்வாய்ஸும்தான். அது போக, இங்கே சுங்கத்துறைக்குப் பொய் மதிப்பு கொடுத்த கேஸும் உங்க தலையில்தான் விழும்.

டிக்ளேர்ட் வேல்யூ இன்சூரன்ஸ் கிடையாது. சட்டப்படி கூரியர்காரர் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. நீங்க மதிப்பு அறிவிச்சு கூடுதல் கட்டணம் கட்டினா அந்த உச்சவரம்பு உயரும், அவ்வளவுதான். நஷ்டம் எவ்வளவு, யார் தவறு என்பதெல்லாம் அதுக்கப்புறமும் பேச்சுவார்த்தைதான்.

எதுவும் அறிவிக்காம அனுப்பினா என்ன கிடைக்கும்? விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம், 1999. இந்தியா, கனடா ரெண்டுமே அதில் இருக்கு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). எல்பி பெட்டி நாலரை கிலோ வந்தா 117 எஸ்டிஆர். ஒரு எஸ்டிஆர் 1.3 முதல் 1.4 டாலர் வரை ஓடுது, ஆக சுமார் 160 டாலர். 1,40,000 ரூபாய் சரக்குக்கு! தபால் பார்சல் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது. உலக அஞ்சல் ஒன்றியக் கணக்கில் சாதாரண பார்சலுக்கு 40 எஸ்டிஆர், கூடவே கிலோவுக்கு 4.5. அதே பெட்டிக்கு 60 சொச்சம், அதாவது ஏறக்குறைய 80 டாலர்.

இன்னொரு கண்ணியும் இருக்கு. பெரிய கூரியர் நிறுவனங்கள் சில, கலைப்பொருள், நாணயம், தபால்தலை, சேகரிப்புப் பொருள்னு ஒரு பட்டியல் போட்டு, அதுக்கெல்லாம் டிக்ளேர்ட் வேல்யூவே 1,000 டாலருக்கு மேல் ஏறாதுன்னு விதிமுறையில் வெச்சிருக்காங்க. நீங்க 1,900 டாலர்னு எழுதிக் கட்டணமும் கட்டலாம், கவுன்டர்ல வாங்கிப்பாங்க. கிளெய்ம் போடும்போதுதான் அந்த வரியைக் காட்டுவாங்க. அதனால கவுன்டர் பையன் சொல்றதைக் கேட்காம, அந்த நிறுவனம் சரக்கு ஏற்றிச் செல்லும் விதிமுறையை (கண்டிஷன்ஸ் ஆஃப் கேரேஜ்) பிரிண்ட் எடுத்து, "சேகரிப்பு" என்ற சொல் எங்கெங்கே வருதுன்னு பாருங்க.

விற்பனைச் சரக்கு என்பதால் ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) வேணும். கூரியரில் போனா விற்பனைச் சரக்குக்கான சுங்கப் படிவம் சிஎஸ்பி-5 போடச் சொல்லுங்க. சாம்பிள், கிஃப்டுக்கான சிஎஸ்பி-4ல் தள்ளிவிடப் பார்ப்பாங்க, அவங்களுக்கு வேலை மிச்சம். தபாலில் போனா தாக் கர் நிர்யாத் கேந்திராவில் (தபால் துறையின் ஏற்றுமதி மையம்) ஆன்லைனாகவே ஏற்றுமதிப் பில் போடலாம்.

பாலிசிப்_பித்தன்:

மண்ணடி அண்ணன் சொன்னது சரி. உங்களுக்கு வேண்டியது மரைன் கார்கோ பாலிசி. பேர்தான் மரைன், விமானத்துக்கும் அதேதான். ஒரு தடவை அனுப்ப ஒற்றைப் பயண பாலிசி. மாதாமாதம் அனுப்புகிறவர்கள் ஏற்றுமதிக்கான ஓப்பன் கவர் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் டிக்ளரேஷன் மட்டும் கொடுக்கலாம். தனி ஆளாகப் போனால் சின்னத் தொகை என்று கிளையில் தட்டிக்கழிப்பார்கள். புரோக்கர் மூலம் போவது நல்லது.

கேட்டு வாங்க வேண்டியவை இவை.

எந்தக் கிளாஸ் (பாலிசியில் சேர்க்கும் நிபந்தனை வாசகம்) என்று கேளுங்கள். கப்பலுக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் ஏ, விமானத்துக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் ஏர். ஏர் கிளாஸின் தலைப்பிலேயே "தபாலில் அனுப்புபவை நீங்கலாக" என்று இருக்கிறது. செலவு மிச்சம் என்று ஜிபிஓவில் போட்டுவிட்டு கையில் ஏர் கிளாஸ் பாலிசி வைத்திருந்தால் அது வெறும் காகிதம். தபாலில்தான் அனுப்புவேன் என்றால் தபால் பார்சலுக்கான வாசகத்தைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பழைய பொருள் என்பதை மறைக்காதீர்கள். "பயன்படுத்திய கிராமபோன் தட்டுகள், சேகரிப்பு மதிப்புள்ளவை" என்று புரோப்போசலில் இருக்க வேண்டும். மரைன் இன்சூரன்ஸ் முழு நம்பிக்கையின் மேல் நடக்கிற ஒப்பந்தம். முக்கிய விவரத்தைச் சொல்லாமல் விட்டால் பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. பழைய பொருள் என்றதும் கீறல், நெளிவு, கறை இவற்றை விலக்கி ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த விலக்கையும் சேர்த்துத்தான் பிரீமியம் மலிவா என்று பார்க்க வேண்டும்.

மதிப்பை முன்பே ஒத்துக்கொண்ட பாலிசியாக வாங்குங்கள். மரைன் இன்சூரன்ஸ் சட்டம் 1963, பிரிவு 29: பாலிசியில் குறித்த மதிப்பு, மோசடி இல்லாதவரை இறுதியானது. பிறகு வந்து "பழைய தட்டுக்கு 60,000மா?" என்று யாரும் கேட்க முடியாது. வழக்கமாக இன்வாய்ஸ், அனுப்பும் செலவு, அதற்கு மேல் 10 சதவீதம் சேர்த்துத் தொகை போடுவார்கள். சரக்கு 1,64,000, செலவு 14,000 என்றால் 1,78,000. பத்து சதவீதம் சேர்த்து 1,95,800.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்வாய்ஸ். "எல்பி 12, மொத்தம் 1,40,000" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அந்த 60,000 ரூபாய்த் தட்டு மட்டும் உடைந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் 1,40,000ஐ 12ஆல் வகுத்து 11,667 ரூபாய் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, காகிதம் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி: படத்தின் பெயர், லேபிள், கேட்டலாக் எண், தட்டின் உள்வட்டத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், தரம், விலை. விலைக்கு ஆதாரமாக வாங்குபவர் பணம் அனுப்பிய ரசீது, அதே தட்டு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தளத்தில் விற்ற விலைப் பட்டியல்.

பணம் கட்டாமல் ரிஸ்க் தொடங்காது, இன்சூரன்ஸ் சட்டம் 64விபி. பெட்டியை மதியம் பிக்கப்புக்குக் கொடுத்துவிட்டு மாலையில் பிரீமியம் கட்டினால், நடுவில் நடந்தது உங்கள் பாடு.

ஏர் கிளாஸில் சரக்கு கடைசி விமான நிலையத்தில் இறங்கி 30 நாளில் கவர் முடிந்துவிடும். வரி கட்ட மனமில்லாமல் வாங்குபவர் பெட்டியை எடுக்காமல் போட்டுவைப்பது சகஜம். யார் வரி கட்டுவது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி_பெரம்பூர்:

பாலிசி எவ்ளோ நல்லதா இருந்தாலும் பேக்கிங் சரியில்லன்னா காசு வராது ஜி. பேக்கிங் போதாமை அந்தக் கிளாஸ்லயே விலக்கு. அதனால இது முழுசா உங்க கையில.

எல்பியையும் 78ஐயும் ஒரே பெட்டியில போடாதீங்க. எல்பி வளையும், 78 வளையாது, அரக்கு. பக்கத்துல கனமா எதாச்சும் இடிச்சா அப்பளம்தான்.

எல்பிக்கு: தட்டை அட்டைப்படத்துக்குள்ள (படம் அச்சிட்ட அட்டை உறை) இருந்து வெளிய எடுங்க. உள்ளயே விட்டா, பெட்டி கீழ விழும்போது தட்டோட விளிம்பு கத்தி மாதிரி அட்டைப்பட ஓரத்தை அறுத்துடும். நியர் மின்ட் (கிட்டத்தட்ட புதுசு) அட்டை அங்கேயே தரம் இறங்கிடும், அந்த மாதிரி சேதத்துக்கு இன்சூரன்ஸ்ல வாங்குறதும் கஷ்டம். தட்டைப் புது பாலித்தீன் உறையில போட்டு, அட்டைப்படத்துக்குப் பின்னாடி வெச்சு, ரெண்டையும் சேர்த்து வெளிக்கவர்ல போடுங்க. பபுள் ரேப் தட்டு மேல நேரா படக்கூடாது. சூட்டுல குமிழ் அச்சு விழுந்துடும்.

12 தட்டையும் நேர்த்தியா அடுக்கி, ரெண்டு பக்கமும் 33 சென்டிமீட்டர் சதுர அட்டை ரெண்டு ரெண்டு. ரெண்டு அட்டையோட நெளிவு வரியும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க இருக்கணும், அப்பதான் மடங்காது. ஆண்டர்சன் தெருவுல சொல்லி வெட்டி வாங்கிக்கலாம். உள்பெட்டி 34க்கு 34க்கு 10. அசையக்கூடாது, ஆனா அழுத்தி மூடவும் கூடாது. வெளிப்பெட்டி அஞ்சு பிளை (அஞ்சு அடுக்கு அட்டை), 44க்கு 44க்கு 20, சுத்தி அஞ்சு சென்டிமீட்டர் இடைவெளி. அங்க ஃபோம் ஷீட், இல்ல கசக்கின கனமான பேப்பர். தெர்மகோல் உருண்டை வேணாம், ஆடி ஆடி ஒரு பக்கம் ஒதுங்கிடும், பெட்டி ஓரம் காலியாயிடும். குலுக்கிப் பாருங்க, சத்தம் வந்தா திரும்பப் பிரிங்க.

இந்த சைஸுக்கு எடை நாலரை கிலோதான், ஆனா கூரியர் கணக்கு நீளம் அகலம் உயரம் பெருக்கி 5,000ஆல வகுப்பாங்க. 7.7 வரும், எட்டு கிலோ போடுவாங்க. அதுக்காகப் பெட்டியைச் சின்னதாக்காதீங்க.

78க்கு: ஒவ்வொரு தட்டும் உறையில, நடுவுல மெல்லிய ஃபோம் ஷீட், ரெண்டு பக்கமும் தட்டைவிடப் பெரிய அட்டை. ஆறு தட்டும் ஒரே கட்டா, ஆனா ஒண்ணோட ஒண்ணு நேரா ஒட்டாம. மீதி டபுள் பெட்டி அதே முறை.

ஐப்பசி கார்த்திகை மழையில அனுப்பினா ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்பெட்டியில போடுங்க. வெயில் காலத்துல வெள்ளி, சனி அனுப்பாதீங்க, குடோன்ல ரெண்டு நாள் உக்காந்துடும். வினைல் 60 டிகிரியை ஒட்டிப் போனா நெளிய ஆரம்பிக்கும், அதை "பொருளின் தன்மை"ன்னு தள்ளிடுவாங்க.

பேக் பண்றதை வெட்டில்லாம ஒரே வீடியோவா எடுங்க: மேட்ரிக்ஸ் எண் தெரியிற மாதிரி ஒவ்வொரு தட்டும், அப்புறம் அட்டை, உள்பெட்டி, வெளிப்பெட்டி, டேப், ஏர்வேபில் (கூரியர் சீட்டு) ஒட்டுறது வரைக்கும். வெளிய "அரிய இசைத்தட்டு"ன்னு எழுதாதீங்க, திருடனுக்குப் பத்திரிகை வெச்ச மாதிரி.

ராயபுரம்_ரிக்கார்டு:

ரொம்ப நன்றி. 78ல நாலு தட்டு பழைய படப்பாட்டு, ரெண்டு கச்சேரித் தட்டு, வருஷம் தெரியலை. ஏதாவது பிரச்சினை வருமா? டொரொன்டோவில் உடைஞ்சு போய்ச் சேர்ந்தா வாங்குறவர் என்ன செய்யணும்?

கோட்டை_ரயிலடி:

வரும். தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1972படி 100 வருடம் ஆன கலை, கைத்தொழில், சமயம் சார்ந்த எந்தப் பொருளும் தொல்பொருளாக எடுத்துக்கொள்ளப்படலாம். தனியார் அதை ஏற்றுமதி செய்யக்கூடாது. தண்டனை 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டவிரோதமாகப் போகும் சரக்குக்கு பாலிசியும் உதவாது.

படப்பாட்டு நாலைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்ப் பேசும்படம் வந்ததே 1931ல், அதனால் எந்தப் படப்பாட்டுத் தட்டும் இன்னும் நூறைத் தொடவில்லை. கச்சேரித் தட்டுகள்தான் சந்தேகம். 1900களிலேயே இங்கே ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது, கல்கத்தா சியால்தாவில் 1908ல் தட்டு அச்சிடும் ஆலையும் வந்துவிட்டது. மின் ஒலிப்பதிவு வந்தது 1925ல். அதற்கு முன், மைக் இல்லாமல் குழாய் முன் நின்று பாடிய பழைய பதிவு போலக் கேட்டால், அந்த ரெண்டையும் இந்தப் பெட்டியில் சேர்க்காதீர்கள். கேட்டலாக் எண், மேட்ரிக்ஸ் எண் வைத்து வருடத்தைக் கண்டுபிடியுங்கள். 100க்கு உள்ளே என்று தெரிந்தாலும் சுங்கத்தில் நிறுத்துவார்கள் என்ற பயம் இருந்தால், புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு புகைப்படத்தோடு விண்ணப்பிக்கலாம். வாங்குபவரிடம் அந்த ரெண்டும் பின்னால் வரும் என்று சொல்லி, இன்வாய்ஸையும் பிரித்துப் போடுங்கள். நாலு தட்டுக்கு ஏற்ற மாதிரி பாலிசித் தொகையும் குறையும்.

மண்ணடி_கார்கோ:

வாங்குறவருக்கு இப்பவே மெயிலில் அனுப்பி, "சரி"ன்னு பதில் வாங்கி வெச்சுக்குங்க: பெட்டி வெளியே நசுங்கி இருந்தா, டெலிவரி ஆள் நீட்டுற மெஷினிலோ காகிதத்திலோ "சேதத்துடன் பெறப்பட்டது"ன்னு எழுதிட்டுத்தான் கையெழுத்து. சும்மா கையெழுத்து போட்டா நல்லா வந்துச்சுன்னு அர்த்தம். பிரிக்கும் முன்னாடி ஆறு பக்கமும் போட்டோ, பிரிக்கிறது வீடியோ. பெட்டி, அட்டை, ஃபோம் எதையும் குப்பையில் போடக்கூடாது. சர்வேயர் பார்க்கிறது உடைஞ்ச தட்டைவிட பெட்டியைத்தான்.

அன்னைக்கே உங்களுக்குச் சொல்லணும். நீங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கூரியருக்கும் ஒரே நாளில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்க. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதம்னா பெட்டி கிடைச்சு 14 நாளுக்குள், தாமதம்னா 21 நாளுக்குள் கூரியருக்குப் புகார் போகணும். "இன்சூரன்ஸ் இருக்கே, கூரியர்கிட்ட எதுக்கு"ன்னு விடாதீங்க. உங்களுக்குப் பணம் கொடுத்துட்டு அதைக் கூரியர்கிட்ட வசூலிக்கிற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். நீங்க 14 நாளை விட்டுட்டா அந்த உரிமை கெட்டுப்போகுது, அதைக் காட்டி உங்க கிளெய்மில் கைவைப்பாங்க. அதே காரணத்துக்காக, கூரியர்காரர் "100 டாலர் தர்றோம், முழுத் தீர்வுன்னு கையெழுத்து போடுங்க"ன்னா போடாதீங்க.

கடைசியா பாலிசியில் எக்ஸஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) எவ்வளவுன்னு பாருங்க. ரூபாயில் நிலையான தொகை போட்டிருந்தா, 24,000 ரூபாய் 78 பெட்டியில் ஒரு தட்டு உடையும்போது அந்த எக்ஸஸே தட்டு விலையைத் தின்னுடும். அப்படி இருந்தா சதவீதமா மாத்தித் தரச் சொல்லுங்க, பாலிசி அச்சாகும் முன்னாடியே.