சென்னையில் பவளத் தொட்டி வைக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?

மாடிவீட்டுமீன்:
வணக்கம். மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நன்னீர்த் தொட்டி பல வருடமாக இருக்கிறது; ஏஞ்சல், கப்பி எல்லாம் நன்றாகவே வளர்கின்றன. இப்போது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். கொளத்தூரில் ஒரு கடையில் "பாறை, பவளம், நெமோ (கோமாளி மீன்) ஜோடி எல்லாம் ஒரே வாரத்தில் செட் பண்ணித் தருகிறோம்" என்கிறார்கள். கோவளத்திலிருந்து கடல்தண்ணீர் கொண்டுவரலாமா? சமையலறை ஆர்ஓ தண்ணீர் போதுமா? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயம் வேண்டுமா?

உப்புக்காற்று:
தண்ணீருக்கு முன்னால் பவளத்தைப் பேசிவிடுவோம். பாறை கட்டும் கடினப் பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் அதே அட்டவணைதான். கடல்விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் இவையும் அதில் உண்டு. உயிரோடு இருப்பதற்கு மட்டுமல்ல, செத்த கூட்டுக்கும் அதே சட்டம்தான். 'லைவ் ராக்' என்று விற்பதில் பெரும்பகுதி பழைய பவளக் கூடு. எங்கிருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள், பில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். என் தொட்டியில் இருப்பது பீங்கான் பாறை. மீன் கழிவை மாற்றும் பாக்டீரியாவுக்கு வேண்டியது நுண்துளைகள்தான், அது எந்தக் கல்லில் இருந்தாலும் குடியேறிவிடும்.

அப்படியானால் பவளமே வேண்டாமா என்றால், இல்லை. ஸோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்வகைகள் அந்த அட்டவணையில் இல்லை. அவற்றையும் கடலிலிருந்து பிடுங்கியதாக வாங்காதீர்கள், சொந்தத் தொட்டியில் வெட்டி வளர்த்தவர்களிடம் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: சில ஸோவாந்தஸ் வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள், அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே செய்யாதீர்கள். ஆவியாக மூக்கில் ஏறினாலே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

இனி தண்ணீர். வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். நமக்கு அது ஆகாது. தனி ஆர்ஓ, அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குடுவை, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம். போர் தண்ணீரிலும் லாரி தண்ணீரிலும் வரும் சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட் உள்ளே போனால் மாதக்கணக்கில் பாசியோடுதான் சண்டை. அந்தத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, பவளத் தொட்டிக்கென்று விற்கும் ரீஃப் உப்புக் கலவைதான், சமையல் கல்லுப்பு கிடையாது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் தினமும் ஊற்றி நிரப்புவது உப்பில்லாத டிஐ தண்ணீர்.

கோவளத் தண்ணீரைப் பயன்படுத்தி நன்றாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர உப்பளவு இறங்கிவிடும், ஆற்று முகத்துவாரங்களின் சாக்கடையும் கரையோடு நகரும். மாடிக்கு கேன் சுமந்து, வடிகட்டி, இருட்டில் ஆறப்போட்டு, அளந்து பார்த்து... நான் உப்பு மூட்டையையே வாங்குகிறேன்.

'ஒரே வாரம்' என்பதை நம்பாதீர்கள். மீன் கழிவு அமோனியாவாகும்; ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். அவை பெருகச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம். அதுவரை தொட்டியில் மீனே வேண்டாம், ஓர் இறால் துண்டு போட்டால் போதும், அது அழுகி அமோனியா தரும். அந்த அமோனியா ஒரு நாளில் பூஜ்யமாகி நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார்.

பவர்கட்_பாலன்:
சில்லர் பற்றி: சித்திரை, வைகாசியில் அறையே 33, 34 டிகிரி. பவளத்துக்கு 25, 26 வேண்டும். 30க்கு மேல் நீடித்தால் பவளம் தன் உடலுக்குள் வாழும் பாசியைத் துப்பி வெளுத்துவிடும். மேலே மின்விசிறி வைத்தால் ஆவியாகிக் குளிரும், ஆனால் சென்னைக் காற்றின் ஈரத்தில் இரண்டு டிகிரி குறைந்தால் பெரிது. சில்லர் வாங்குங்கள், பால்கனி பக்கம் வையுங்கள், அதன் அனலை அறைக்குள் விட்டால் அறையும் சேர்ந்து சூடாகும். கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். தண்ணீரை அலைபோல அசைக்கும் டிசி வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் இணையுங்கள், ஒரு பேட்டரி ஏர் பம்பும் கைவசம் இருக்கட்டும்.

முத்துநகர்:
தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இங்கே சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் பாறை போனால் மண் நிற்காது. கடையில் ஒரு துண்டுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாடிவீட்டுமீன்:
நன்றி. பாறை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கடையில் முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. சரி, மீன் எது? வாடகை வீட்டு மாடி எடையைத் தாங்குமா?

உப்புக்காற்று:
நெமோ ஜோடிதான், ஆனால் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்ததாக வாங்குங்கள். மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் அதை இனப்பெருக்கம் செய்யும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டார்கள், கடலிலிருந்து பிடிக்க அவசியமே இல்லை. கடலில் அது குடியிருக்கும் அனிமோன் இல்லாமலும் அது சுகமாக வாழும். நீல டோரி கேட்டு வீட்டுப் பிள்ளைகள் அழுவார்கள்; ஓரடி வரை வளர்ந்து நாளெல்லாம் நீந்தும் மீன் அது, மூன்றடித் தொட்டியில் போடுவது பாவம்.

எடை: தண்ணீரே கிட்டத்தட்ட 190 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் சேர்த்தால் 300 கிலோ பக்கம் வரும். அறை நடுவில் வேண்டாம், பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள், வீட்டுக்காரரிடமும் முன்னமே சொல்லிவிடுங்கள். நன்னீர்த் தொட்டி மருந்து எதையும் இதில் ஊற்றாதீர்கள். பலவற்றில் தாமிரம் இருக்கும், பவளமும் நத்தையும் இறாலும் அதில் பிழைக்காது. வாளி, வலை, குழாய் எல்லாம் இதற்கென்று புதிதாக வாங்கிவிடுங்கள்.