383 கிலோவா, 268 கிலோவா? டர்பனிலிருந்து ரெண்டு பேர் மலைக்குப் போக எது?

பீனிக்ஸ் மருமகன்
வணக்கம். பழைய பைக் ரெண்டு விலைக்கு வந்திருக்கு. ஒன்னு ஹோண்டா கோல்ட் விங் டூர், 2019, டிசிடி கியர் (கிளட்ச் இல்லாம தானா மாறுற ரெட்டை கிளட்ச் கியர்). இன்னொன்னு பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வெஞ்சர். என் உயரம் 1.68 மீட்டர், எடை 72 கிலோ. வீட்டுக்காரி 64. ஓட்டப்போறது பெரும்பாலும் என்3 நெடுஞ்சாலையில ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும், அப்பப்போ மலையடிவாரத்துல அண்டர்பெர்க் பக்கம். முதலாவது 383 கிலோ, ரெண்டாவது 268. கடைக்காரர் "எடை காகிதத்துல மட்டும்தான், ஓடும்போது தெரியாது"ங்கிறார். நம்பலாமா?

தார்ரோடு தங்கம்
நம்பலாம் தம்பி. கோல்ட் விங்ல ஆறு சிலிண்டரும் படுத்த வாக்குல, தரையை ஒட்டி இருக்கு. 21 லிட்டர் பெட்ரோல் டாங்கியும் சீட்டுக்கு அடியிலதான். சீட் உயரம் 745 மி.மீ. உங்க உயரத்துக்கு ரெண்டு பாதமும் முழுசா தரையில் படியும். அட்வெஞ்சர்ல சீட் 890. டாங்கி 30 லிட்டர், நிரப்பினா 22 கிலோ, அதுவும் முழங்காலுக்கு மேல.
இன்னொன்னு. கோல்ட் விங் டூரோட 383-ல பக்கப்பெட்டி, பின்பெட்டி எல்லாம் அடக்கம். அந்த 268-ல பெட்டியே கிடையாது. மூணு அலுமினியப் பெட்டியும் தாங்கியும் மாட்டினா காலியாவே 15 கிலோவுக்கு மேல கூடும். அப்போ உண்மையான வித்தியாசம் 100-க்கும் கீழ.

செம்மண் சக்கரம்
அண்ணே, அந்த 100 கிலோவும் தரையிலதானே நிக்குது! ஓடும்போது தெரியாதுன்னு எல்லாரும் சொல்றது சரிதான். பைக்கை யாரும் ஓடும்போது கீழே போடுறதில்லை. ரோபோட்ல (டிராபிக் சிக்னல்ல) நிக்கும்போது, பெட்ரோல் பங்க்ல திரும்பும்போது, வீட்டு வாசல் சரிவில பின்னால தள்ளும்போதுதான் போடுறாங்க.
சரிவுக்கு உயரம் தாழ்வு எதுவும் தெரியாது, எடை மட்டும்தான் தெரியும். 8 சதவீத ஏற்றத்துல 383 கிலோவைத் தள்ள 31 கிலோ விசை வேணும். பெட்டியோட 285-ன்னு வெச்சாலும் அட்வெஞ்சருக்கு 23. நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்ல எத்தனை வாசல் 8 சதவீதத்தோட நிக்குது?

தார்ரோடு தங்கம்
தள்ளவே வேண்டாம். டிசிடில நடைவேக முறை இருக்கு, பட்டனை அழுத்தினா எஞ்சினே பின்னால கொண்டுபோகும். ஜிஎஸ்ல அது கிடையாது, 23 கிலோவையும் கால்தான் தள்ளணும்.

ஸ்பானர் அக்கா
ரெண்டு பேரும் பாதிப் பாதி சொல்றீங்க. சாய்வுக்கு ஒரு கணக்கு போடுறேன். எடை மையத்தோட உயரம் என் மதிப்பீடு, கம்பெனி தர்ற எண் இல்லை: கோல்ட் விங்குக்கு 48 செ.மீ., அட்வெஞ்சருக்கு 62. ஹேண்டில்பார் உயரம் 1 மீட்டர், 1.15 மீட்டர்.
15 டிகிரி சாய்ஞ்சா ஹேண்டில்பார்ல தாங்க வேண்டியது கோல்ட் விங்குக்கு 48 கிலோ, காலி அட்வெஞ்சருக்கு 37. இதை மட்டும் பார்த்தா செம்மண் ஜெயிச்சார். ஆனா ரெண்டும் ஒரே கோணத்துல உங்க கைக்கு வராது. கோல்ட் விங்ல பாதம் முழுசா படிஞ்சா 3 டிகிரியிலேயே பிடிச்சிடலாம், அப்போ 10 கிலோதான். கட்டைவிரல் நுனி மட்டும் படுற அட்வெஞ்சர் உயரத்துல பைக் 8 டிகிரி சாய்ஞ்ச பிறகுதான் கால் ஊன்றும், அப்போ 20. பின்னால 64 கிலோ ஆள் உட்கார்ந்திருந்தா இன்னும் 9. ரெண்டு பேர் பயணத்துல பைக் விழறது இங்கதான்.
அதனால மருமகன் காற்சட்டை உள்தையல் அளவைச் சொல்லணும். 1.68 மீட்டர்ல 74-ம் உண்டு, 80-ம் உண்டு. தாழ்வான சீட் போட்டா அட்வெஞ்சர் இன்னும் தாழ்வா வரும், அது வேற பைக் மாதிரி.

செம்மண் சக்கரம்
அக்கா கணக்கு தார்ச்சாலைக்குச் சரி. அண்டர்பெர்க் தாண்டி டி-எண் போட்ட மாவட்டச் சாலையெல்லாம் சரளை. மழை பெய்ஞ்சா சேறு, காய்ஞ்சா அலையலையா வரி. தரையே நழுவும்போது பாதம் படிஞ்சும் பிரயோஜனம் இல்லை. கோல்ட் விங்ல ஃபுட்பெக் மேல எழுந்து நிக்க முடியாது, முன்சக்கரம் 18 அங்குலம், அடிப்பகுதி தாழ்வு. அண்டர்பெர்க் பக்கத்துல லெசோத்தோவுக்கு ஏறுற சானி கணவாய் உச்சி 2,876 மீட்டர். அந்தச் சரளை வளைவுகளுக்கு ரெண்டையுமே நான் சொல்லமாட்டேன். அதுக்கு 226 கிலோ ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், அதுவும் தனி ஆளா.

தார்ரோடு தங்கம்
அவர் சானி கேட்கவே இல்லையே. என்3 கேட்டார். வேன் ரீனன் கணவாயில லாரியைத் தாண்டும்போது பக்கக்காத்து அடிச்சா எடை கூடின பைக் குறைவாத்தான் நகரும். உயரமான பைக்ல அகலமான அலுமினியப் பெட்டி பாய்மரம்.

செம்மண் சக்கரம்
அதே கணவாயில இறங்கும்போது நிறுத்தவும் வேணுமே. ரெண்டு பேர், சாமானோட கோல்ட் விங் 540 கிலோ. அட்வெஞ்சர் 445. அதே வேகத்துல பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஐந்துல ஒரு பங்கு கூட. டிசிடியைத் தானா விட்டா மேல் கியர்லயே உருண்டு இறங்கலாம். கையால கியரைக் குறைச்சு, எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வைக்கணும்.

தார்ரோடு தங்கம்
அது சரி, ஒத்துக்கிறேன். விழுந்தா தூக்குற முறையையும் எழுதிடுறேன். முதல்ல எஞ்சினை நிறுத்து. வலப்பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டை முன்னாடியே விரிச்சு வை, இல்லாட்டி நிமிர்ந்த வேகத்துல அந்தப் பக்கம் போயிடும். முதல் கியர்ல போடு. ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமா முழுசா திருப்பு. சீட்டுக்கு முதுகைக் காட்டி, இடுப்பை ஒட்டி, ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை பின்கம்பியில. முதுகை நிமிர்த்தி, காலால சின்னச் சின்ன அடியா பின்னோக்கி நட. கையால இழுத்தா இடுப்பு போச்சு.

ஸ்பானர் அக்கா
ஒரு திருத்தம். டிசிடிக்கு "முதல் கியர்ல போடு" செல்லாது. எஞ்சினை நிறுத்தினதும் அது நியூட்ரலுக்குப் போயிடும். சரிவில அப்படியே தூக்கினா சக்கரம் உருளும். இடப்பக்கம் பார்க்கிங் பிரேக் நெம்புகோல் இருக்கு, அதை முதல்ல இழுக்கணும். நிறுத்திவைக்கும்போதும் அதேதான். தூக்கின பிறகு ஸ்டார்ட் ஆகலைன்னா பயப்பட வேண்டாம். சாய்வு சென்சார் எஞ்சினை வெட்டியிருக்கும், மெயின் சுவிட்சை அணைச்சுத் திரும்பப் போட்டா சரியாகும்.
மெதுவாத் திரும்புறதுக்கும் டிசிடில கிளட்ச் லீவர் இல்லை. ஆக்சிலரேட்டரைச் சீரா கொடுத்துக்கிட்டே பின்பிரேக்கை லேசா அழுத்தி வேகத்தைக் கட்டணும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டா எந்த எடை பைக்கும் உள்பக்கம் சாயும்.

பீனிக்ஸ் மருமகன்
நன்றி அக்கா. உள்தையல் 75 செ.மீ. அப்போ 890 கஷ்டம்தான் போல. கோல்ட் விங்னா கடைத்தெருவுல எப்படி நிறுத்துறது?

ஸ்பானர் அக்கா
நம்ம ஊர்ல இடப்பக்கம் ஓட்டுறோம், ரோடும் இடது ஓரத்துக்குச் சரியும். சைடு ஸ்டாண்டும் இடப்பக்கம். ஓரத்தை ஒட்டி நீளவாக்குல விட்டா பைக் கூடுதலா சாயும், நிமிர்த்தவே மூச்சு வாங்கும். நடைவேக முறையில பின்சக்கரத்தை ஓரக்கல்லுல முட்ட வெச்சு, முகத்தை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்க. கிளம்பும்போது எஞ்சின் மேல இழுத்துக்கும். டிசம்பர் வெயில்ல தார் இளகினா ஸ்டாண்டு புதையும், உள்ளங்கை அளவு இரும்புத்தகடு ஒன்னு பெட்டியில கிடக்கட்டும். வாங்குறதுக்கு முன்னாடி டயர் காத்து முன்னால 2.5 பார், பின்னால 2.8 இருக்கான்னு பார்த்துட்டு ஓட்டிப் பாருங்க. காத்து குறைஞ்ச கோல்ட் விங் மெதுவான திருப்பத்துல உள்ளே விழற மாதிரி இருக்கும், அதைப் பைக்கோட எடைன்னு நினைச்சு வேண்டாம்னு வந்துடுவீங்க.

செம்மண் சக்கரம்
வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போய் ஓட்டிப் பாருங்க தம்பி. வாசல் சரிவு எத்தனை சதவீதம்னு இன்னும் சொல்லலை நீங்க.