பனிக்காட்டில் ஸ்னோமொபைல்: பாதையில் மூஸ் நின்றால் என்ன செய்வது?

வெள்ளவத்தை ரூபன்

எல்லாருக்கும் வணக்கம். பெப்ரவரி கடைசியில் நானும் மனைவியும் கனடா போகிறோம். அத்தான் வட ஒன்ராறியோவில் இரண்டு நாளுக்கு ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் மோட்டார் வண்டி) வாடகைக்கு எடுத்து வைக்கிறாராம். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பக்கம் ஒரு நாள். கொழும்பு நெரிசலில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய பழக்கம் இருக்கிறது, பனியில் எதுவும் ஓட்டியதில்லை.

ஓட்டக் கற்றுத்தர அங்கே ஆள் இருக்கிறது. நான் கேட்பது மிருகங்களைப் பற்றி. பாதை நடுவில் மூஸ் என்ற பெரிய மான் நின்றால் சத்தம் போட்டு விரட்டுவதா, எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பதா, திரும்பிப் போவதா? அந்தக் குளிரில் கரடி, ஓநாய் நடமாடுமா? ஹபரணைப் பக்கம் யானை மறித்தால் நாங்கள் செய்வதையே அங்கேயும் செய்தால் போதுமா? மனைவி பின்னால் இருந்து வருவார், அதனால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

பனிப்பாதை

ரூபன், மூஸ் ஏன் பாதையில் நிற்கிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெப்ரவரி கடைசி என்றால் அது மாதக்கணக்கில் மரக்குச்சியையும் பட்டையையும் தின்று உடம்பு வற்றிப்போயிருக்கும் காலம். பனி 70 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே அதற்கு நடை சிரமம், ஒரு மீற்றருக்குப் போனால் வயிறு பனியில் இழுபடும். ஸ்னோமொபைல்கள் ஓடி ஓடி இறுகிய பாதையில்தான் கால் புதையாமல் நடக்கலாம். அதனால் நீங்கள் விரட்டினாலும் லேசில் காட்டுக்குள் இறங்காது. பாதையிலேயே உங்களுக்கு முன்னால் ஓடும், களைத்ததும் திரும்பி நின்று பாயும். வளர்ந்த மூஸ் 400, 500 கிலோ வரும், தோள் உயரம் இரண்டு மீற்றர் அளவு, ஓட்டம் மணிக்கு 55 கிலோமீற்றர் வரை போகும். முன்னங்காலால் குத்தி மிதிக்கும், பின்னங்காலாலும் உதைக்கும். பாயாமல் போனாலும் வீணாக ஓடவைத்த ஒவ்வொரு நூறு மீற்றரும் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க அது சேமித்து வைத்த கொழுப்பில் கழிகிறது. குட்டி சுமக்கும் பெட்டைக்கு அது இன்னும் பெரிய இழப்பு. எஞ்சினை உறுமவிட்டு விரட்டுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

தூரத்தில் கண்ட உடனே வேகத்தைக் குறையுங்கள். கனடாத் தேசியப் பூங்கா நிர்வாகம் மூஸுக்குச் சொல்லும் ஆகக் குறைந்த தூரம் 30 மீற்றர். அது பொதுவாக எல்லாருக்கும் சொன்ன கணக்கு. ஸ்னோமொபைலில் இருப்பவருக்கு 50, 60 மீற்றராவது வேண்டும், ஏனென்றால் திரும்புவதற்கு நேரம் எடுக்கும். பாதை அகலமாக உள்ள இடத்தில், இறுகிய பனியின் மேலேயே நில்லுங்கள். ஓரத்துத் தூள்பனிக்குள் இறங்கி நின்றால் ட்ராக் (அடியில் சுழலும் பட்டி) புதையும், வேண்டிய நேரத்தில் கிளம்பாது.

திரும்புவது மோட்டார்சைக்கிள் போல் இல்லை. இயந்திரம் 230 முதல் 300 கிலோ வரை, வளைய நிறைய இடம் கேட்கும். டூ-ஸ்ட்ரோக் வகைகள் பலவற்றில் றிவேர்ஸ் பட்டனில் இருக்கிறது: த்ரொட்டிலை முழுதாக விட்டுப் பட்டனை அமத்தினால் எஞ்சின் நின்றுவிடும் அளவுக்கு இறங்கி, எதிர்ப்பக்கமாகச் சுழல ஆரம்பிக்கும். அதற்குச் சில செக்கன்கள் போகும். தூள்பனியில் றிவேர்ஸ் போட்டால் பின்பக்கம் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். வாடகை எடுக்கும் முற்றத்திலேயே றிவேர்ஸை ஐந்தாறு தரம் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

மோட்டார்சைக்கிள்காரர் தவறுவது இன்னொரு இடத்தில். இதில் த்ரொட்டில் வலது கட்டைவிரலால் அமத்தும் லீவர், பிறேக் இடது கையில், கிளச் இல்லை. பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் த்ரொட்டிலும் அமந்து மூஸை நோக்கியே பாய்வீர்கள். எஞ்சினை அணைக்கும் கயிறு ஒன்று சாவிப்பக்கம் இருக்கும், அதன் நுனியை ஜக்கெட்டில் கொழுவிக்கொள்ளுங்கள். நீங்கள் குதித்தாலும் விழுந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். ஹோர்ன் பெரும்பாலானவற்றில் கிடையாது, இருந்தாலும் அடிக்கக்கூடாது.

மூஸின் காதையும் முதுகையும் பாருங்கள். காது முன்னால் நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் யோசிக்கிறது. காது பின்னுக்கு மடிந்து, தோள் திமில் மயிர் சிலிர்த்து, நாக்கால் உதட்டை நக்கி, தலையைத் தாழ்த்தி உங்கள் பக்கம் நடந்தால் பாயப்போகிறது. அதுவரை காத்திராமல் முதல் அடையாளத்திலேயே பின்வாங்குங்கள். திரும்ப முடியாத இடம் என்றால் இயந்திரத்தை விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே பக்கமாக, பருத்த மரத்துக்குப் பின்னால் ஓடுங்கள். கரடி வந்தால் ஓடக்கூடாது, மூஸ் பாய்ந்தால் ஓடலாம். அது பெரும்பாலும் நெடுந்தூரம் துரத்தாது. விழுத்திவிட்டால் சுருண்டு படுத்து, கையால் தலையையும் கழுத்தையும் மூடி, அது விலகிப் போகும்வரை அசையக்கூடாது. ஹெல்மட்டைக் கழற்ற வேண்டாம்.

தெமட்டகொடை வாசன்

பனிப்பாதை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஹபரணைக் கேள்விக்கு மட்டும் பதில். தூரம் விடுவது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதது, ஹோர்ன் அடிக்காதது, சாப்பாடு போடாதது, இவை நான்கும் அப்படியே பொருந்தும். வாகனத்தை விட்டு இறங்காதே என்பது பொருந்தாது. வேனுக்கு இருக்கும் தகரச் சுவர்கூட ஸ்னோமொபைலுக்கு இல்லை.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். புத்தல–கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனத்தை மறிப்பது ஏன் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: யாத்திரை போகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதுதான். மூஸும் அதே மாதிரி. கையால் தின்னப் பழகிய மூஸ் அடுத்த ஆளிடமும் வந்து நிற்கும், கிடைக்காவிட்டால் காதை மடிக்கும். அலாஸ்காவில் மூஸுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அல்பேர்ட்டாவின் ஜாஸ்பரில் வாகனத்தில் ஒட்டிய வீதி உப்பை நக்க விடாதீர்கள் என்று மின்பலகையே வைத்தார்கள். வண்டியை ட்ரெயிலரில் ஏற்றி இறக்கும் இடத்தில் இதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அங்கே மூஸைவிட பைசன் என்ற காட்டெருதுதான் பிரச்சினை. குறைந்த தூரம் பைசன், எல்க் மானுக்கு 23 மீற்றர், ஓநாய்க்கும் கரடிக்கும் 91 மீற்றர். கூட்டம் உங்களை நோக்கி வந்து, திரும்ப இடமும் இல்லையென்றால் இறங்கி, இயந்திரம் உங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் இருக்கும்படி ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். வீதியில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் நெருக்காதீர்கள், ஓட்டத்தைக் கூட்டாதீர்கள்.

வெள்ளவத்தை ரூபன்

மிக்க நன்றி. எஞ்சினை அணைப்பதா வேண்டாமா என்பது இன்னும் விளங்கவில்லை. அணைத்தால் அந்தக் குளிரில் திரும்ப எடுக்குமா? மூஸ் தானாகப் போகும்வரை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

பனிப்பாதை

60 மீற்றருக்கு அப்பால், அது அமைதியாகக் குச்சி கடித்துக்கொண்டிருந்தால் அணையுங்கள். சத்தம் அடங்கினால் மூஸும் கெதியாக அடங்கும். அதைவிடக் கிட்ட நிற்க நேர்ந்துவிட்டால் எஞ்சின் ஓடட்டும், த்ரொட்டிலைத் தொடாமல். கிளம்பும் வழி கையில் இருக்கவேண்டும். சூடேறிய, ஃபியூவல் இன்ஜெக்ஷன் உள்ள புது வகை அரை மணி நேரம் நின்றாலும் வழக்கமாக உடனே எடுக்கும்.

20, 30 நிமிடம் நின்று பாருங்கள். அசையாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். அன்றைய திட்டத்தில் திரும்பிவரவும் பெற்றோல் கணக்குப் போட்டிருக்க வேண்டும், தாங்கியில் பாதி முடிந்த இடம்தான் உங்கள் எல்லை. அது விலகிக் காட்டுக்குள் போனாலும் உடனே பறக்காதீர்கள், பத்து மீற்றரில் மரத்துக்குப் பின்னால் நிற்கும். பெட்டைக்குப் பின்னால் போன வருடக் குட்டி வரக்கூடும். ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டு வண்டியும் இடைவெளி அதிகம் விடாமல், ஒரே மெதுவான வேகத்தில் கடந்து போங்கள். மிருகம் இரண்டு வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக்கூடாது. முன்னால் போகும் அத்தான் இடது கையை நேராக மேலே தூக்கினால் ‘நில்’ என்று அர்த்தம், அதையும் பழகுங்கள்.

கொட்டாஞ்சேனை செல்வி

தம்பி, மனைவியைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். பின்னால் இருப்பவருக்குத்தான் இரண்டு பக்கக் காட்டையும் பார்க்க நேரம் இருக்கும். ஹெல்மட்டுக்குள் கத்தினால் கேட்காது. தோளில் ஒரு தட்டு மெதுவாக, இரண்டு தட்டு நிறுத்து என்று முதலே பேசிவையுங்கள். ஓடித் தப்ப வேண்டி வந்தால் அவர்தான் முதலில் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு இறங்க வழியில்லை. முற்றத்தில் அதையும் ஒருதரம் செய்து பாருங்கள்.

அரை மணி காத்திருக்கலாம் என்பது உடுப்பு சரியாக இருந்தால்தான். வெப்பநிலை –20 ஆக இருக்கும்போது 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால் உடம்புக்கு –35 போல உறைக்கும். ஓட்டத்தில் சூடாக இருந்த கைப்பிடியும் எஞ்சின் நின்றால் ஆறிவிடும். பருத்தி பெனியன், ஜீன்ஸ் எதுவும் வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும். தோலோடு கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு, மேலே காற்றுப் புகாத சூட், உதிரியாக ஒரு சோடி கையுறை. இங்கே புறக்கோட்டையில் தேடாமல் அங்கேயே வாடகைக்கு எடுங்கள், சரியான தடிப்பு இங்கே கிடைக்காது.

கரடி ஸ்ப்ரே விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே வாங்கவேண்டும். குளிரில் அழுத்தம் குறைந்து தூரம் போகாது, ஆகவே பையில் போடாமல் ஜக்கெட்டின் உள்பையில் வையுங்கள்.

தெமட்டகொடை வாசன்

கரடி பெப்ரவரியில் பெரும்பாலும் குகைக்குள் கிடக்கும், மார்ச், ஏப்ரலில் ஆண்கள் முதலில் வெளியே வரும். பனிச்சரிவில் ஆவி கிளம்பும் ஓட்டையைக் கண்டால் நிற்காமல் விலகுங்கள். ஓநாய் உங்களைக் கண்டால் தானே ஒதுங்கும். காகக் கூட்டம் ஒரே இடத்தில் இறங்கி ஏறினால் கீழே செத்த மிருகம் கிடக்கிறது, அதைக் காக்க ஓநாயோ மலைச் சிங்கமோ (பூமா) பக்கத்தில் இருக்கலாம். பார்க்க இறங்கவேண்டாம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது: கரிபு மான். ஆழ்பனி உள்ள உயரத்துக்கு அது ஏறுவதே ஓநாய் அங்கே வரமுடியாது என்பதால். ஸ்னோமொபைல் இறுக்கிய தடம் ஓநாய்க்கு நேரே அங்கே ஏறப் பாதை போட்டுக் கொடுக்கிறது. அதனால் பல பள்ளத்தாக்குகள் ஸ்னோமொபைலுக்குச் சட்டப்படி மூடியிருக்கின்றன. மூடிய பகுதிகளின் வரைபடத்தைக் கிளம்பும் முன் தொலைபேசியில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னல் இராது. திறந்த இடத்திலும் கரிபுத் தடம் தெரிந்தால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். மலை ஆடு நிற்கும் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழேயும் போகவேண்டாம், வெருண்டால் அதற்கு ஓடத் தட்டையான இடம் இல்லை.

பனிப்பாதை

இருட்டில் ஓட்டுவது பற்றியும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவின் பொதுப் பாதைகளில் உச்ச வேகம் 50. அந்த வேகத்தில் செக்கனுக்கு 14 மீற்றர் போகிறீர்கள், கண்டு பிறேக் பிடிக்கு முன்னமே 20 மீற்றர் கழிந்துவிடும், பனிக்கட்டியில் நிற்க இன்னும் எவ்வளவோ வேண்டும். மூஸ் கரும் நிறம், தலை வண்டியின் வெளிச்சத்துக்கு மேலே நிற்பதால் மானுக்குப் போல் கண் பளபளக்காது. மாலை மங்க முன்னம் திரும்பிவிடுங்கள்.

பத்திரங்களும் இங்கேயே தயாராகட்டும். ஒன்ராறியோவில் ஓட்ட சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். சர்வதேசப் பத்திரத்தை காலிமுகத்திடல் பக்கம் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பத்திரத்தோடு தருவார்களா, காப்புறுதி உண்டா, பாதைகளைப் பராமரிக்கும் கழகத்தின் அனுமதி வாடகைக்குள் அடங்குமா என்று வாடகைக்காரரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள் அத்தானிடம்.