ஃபிளெக்ஸில் போட்ட 25 லட்சம்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் பொருளாளர். பணம் வராவிட்டால் எல்லோரும் முகத்தைப் பார்க்கும் ஆள்.

சில வருடம் முன்பு பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தருவோம் என்று கிளம்பினோம். இலக்கு 25 லட்சம். முன்னால் நின்ற பேட்ச் பள்ளியை விட்டுப் போய் 25 வருடம் ஆகியிருந்தது, அதனால் 25. வேறு கணக்கு எதுவும் கிடையாது. ஃபிளெக்ஸில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நாலு மாதத்தில் வந்தது 1 லட்சத்து 70 ஆயிரம். ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் குழுவில் தொகையைப் போடுவேன், ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். ஆயிரம் ரூபாய் தர நினைத்தவர்கள், 25 லட்சத்தில் இது எந்த மூலைக்கு என்று ஒதுங்கிவிட்டார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "எஸ்டிமேட் இருக்காப்பா?" இல்லை.

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தோம். கூடப் படித்த இன்ஜினியர் அளந்து பார்த்ததில் 18 லட்சம் வந்தது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். ஆக, நாங்கள் திரட்ட வேண்டியது 6 லட்சம்தான். ஊரெல்லாம் 25 என்று சொன்ன வாயால் 6 என்று எப்படிச் சொல்வது? இந்தக் கௌரவப் பிரச்சினையிலேயே இரண்டு கூட்டம் போனது.

இந்த முறை வாயைத் திறக்கும் முன்பே, வசதியாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரைத் தனித்தனியே போய்ப் பார்த்தோம். ஒன்றரை லட்சம் கைக்கு வந்தது. பழையதோடு சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம். "பாதி தாண்டிவிட்டோம்" என்று சொல்லித்தான் அறிவித்தோம். மீதியை 2,000 ரூபாய் வீதம் 140 பங்காகப் பிரித்து, ஒரு சார்ட்டில் 140 கட்டம் போட்டேன். கட்டம் நிரம்ப நிரம்ப, இரண்டு பேட்ச்சுகள் சீர்வரிசை மாதிரி போட்டி போட ஆரம்பித்தன. ஐந்தே வாரம்.

*இதைப் படித்துவிட்டு டொராண்டோவிலிருந்து ஒருவர்:*

அண்ணா, தொகை பெரிதாக இருப்பது பிழையில்லை, ஏன் அவ்வளவு என்று சொல்ல வேணும். டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, இலக்கு 30 லட்சம் டாலர். நிதி சேர்த்த விருந்தொன்றில் பக்கத்தில் இருந்த அம்மா, "ஒரு புரொபெசருக்கு இவ்வளவு காசோ?" என்று கேட்டார். சம்பளமாகக் கொடுத்து முடிக்கிற காசில்லை அம்மா, முதல் அப்படியே கிடக்கும், அதில் வரும் வருமானத்தில் இருக்கை என்றைக்கும் நடக்கும் என்று விளங்கப்படுத்தினேன். வைப்பில் காசு போட்டுப் பழகினவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. உடனே படிவத்தைக் கேட்டு வாங்கினார். 2021இல் இலக்கை எட்டினோம்.

முதலில் கொஞ்சப் பேரிடம் வாங்கிவிட்டு அறிவித்தோம் என்கிறீர்களே, ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கும் அதுதான் நடந்தது. 60 லட்சம் டாலர் இலக்கு. மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சுந்தரேசன் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்டார்கள். பிறகுதான் தமிழ்நாடு அரசின் 10 கோடி ரூபாயெல்லாம் வந்தது.

*நாகர்கோவிலிலிருந்து இன்னொருவர்:*

எனக்கு அந்த 2,000 ரூபாய்க் கட்டம்தான் உறுத்துகிறது. 200 தர முடிந்தவர் எங்கே போவார்? 1970இல் திறந்த விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கு, அதை முன்னின்று கட்டிய ஏக்நாத் ரானடே ஒரு ரூபாய் கொடுத்தவர்களிடமும் வாங்கித்தான் நிதி சேர்த்தார். கொடுத்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். படகில் போகும்போதெல்லாம், "இதுல ஒரு கல்லு என்னோடது" என்பார். எந்தக் கல் என்று நாங்கள் கேலி செய்தால் கோபம் வந்துவிடும்.

*மறுபடியும் பொருளாளர்:*

நாகர்கோவில் அண்ணன் சரியான இடத்தில் பிடித்தார். அதை முதலில் எழுதாமல் விட்டது என் தப்பு. எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா 100 ரூபாயோடு வந்து நின்றார். சார்ட்டில் அவருக்குக் கட்டம் இல்லை. அசடு வழிய, ஓரத்தில் பேனாவால் பெயரை எழுதினேன். மறுநாள் பூக்கடைக்காரர் 50 கொடுத்து, "என்னையும் ஓரத்துல எழுதுங்க" என்றார்.

ஓரத்தில் மட்டும் 11,450 ரூபாய் சேர்ந்தது. கட்டங்கள் நிரம்பி இலக்கு முடிந்துவிட்டதால் இது உபரி. ஆறு மின்விசிறி வாங்கினோம், ஒன்று 1,900. மிச்சம் 50 ரூபாய்க்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டார். ஆணி வாங்கினோம் ஐயா.