மறு: ஹூக்குக்குச் சொல் உண்டு, அது மாட்டுகிற கண்ணுக்கு?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில் மூன்று நாளாக ஓடும் இந்த மடல் இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ரவிக்கையிலும் பாவாடையிலும் உள்ளாடையிலும் நாம் தினம் மாட்டிக் கழற்றும் அந்த ஹூக் ஜோடிக்கு இதுவரை வந்த சொற்கள்: கொக்கி–வளையம், மாட்டி–துளை, ஆண்கொளுவி–பெண்கொளுவி, இணைகவ்வி. கடைசிச் சொல்லை முன்வைத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் ஒருநாள் ஏதாவதொரு தையல்கடைக்குப் போய், "அக்கா, இந்த ரவிக்கைக்கு ஆறு இணைகவ்வி வைங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு வந்து எழுதவேண்டும்.

என் அம்மா பல வருஷம் எங்கள் தெருமுனைத் தையல்கடைக்குக் கைவேலை செய்து கொடுத்தவர். சாயங்காலம் ஒரு பை நிறைய ரவிக்கை வரும். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஹெம்மிங் முடித்து, ஹூக் கட்டி, காஜா கட்டி, காலையில் திருப்பி அனுப்பவேண்டும். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே இந்த விஷயத்தில் அகராதியைவிட அம்மாவின் கட்டைவிரலை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சொல்லுக்குப் போகுமுன் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஹூக் என்பது ஒரே துண்டுக் கம்பி. நடுவில் இரண்டாக மடித்து, மடிந்த பக்கத்தைப் பின்னால் வளைத்தால் அலகு. மீதி இரண்டு நுனியையும் ஆளுக்கொரு பக்கம் சுருட்டினால் இரண்டு சின்ன வளையம். அவற்றின் வழியாகத்தான் துணியோடு சேர்த்துத் தைக்கிறோம். பற்றவைப்பு இல்லை, ஆணி இல்லை. எதிர்ப்பக்கம் கம்பியில் இரண்டு வகை: குதிரைலாடம்போல் வெளியே வளைந்து நிற்பது ஒன்று, ஏறக்குறைய நேராகப் படுத்திருப்பது இன்னொன்று. துணியின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கவேண்டுமானால் லாடம்; ஓர் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்தால் நேர்க்கம்பி.

நம் ரவிக்கையில் பெரும்பாலும் இரண்டுமே கிடையாது. காஜா பட்டியில் நூலாலேயே கட்டிவிடுவார்கள். அம்மா செய்வது இப்படி: ஹூக் பட்டியை மேலே வைத்து அழுத்தி, ஹூக் எங்கே வருகிறது என்று நகத்தால் கீறிக்கொள்வார். அந்த இடத்தில் அரிசி நீளத்துக்கு மூன்று நான்கு தடவை நூலை முன்னும் பின்னும் ஓட்டுவார். பிறகு துணியைத் தொடாமல், அந்த நூல்கற்றைக்கு அடியில் மட்டும் ஊசியை விட்டு, ஒவ்வொரு முறையும் சுருக்குப் போட்டு இழுத்து, கற்றை மூடும்வரை பொதிந்துகொண்டே போவார். முடிந்ததும் ஊசிமுனையை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பிப் பார்ப்பார். ஹூக் நுழைய இடம் இருக்கவேண்டும். விரல்நகம் நுழைந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். இந்த நூல்கட்டு உடம்பில் உறுத்தாது, ரவிக்கையின் நிறத்திலேயே இருக்கும், துருப்பிடிக்காது. பழைய இரும்பு ஹூக்கின் துருக்கறை வெள்ளை ரவிக்கையில் பழுப்பு மச்சம் மாதிரி உட்கார்ந்துகொண்டால் எந்த சோப்புக்கும் போகாது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், 'வளையம்' அடிபட்டுப் போகிறது. அம்மா கட்டுவது வளையம் அல்ல, துணிமேல் கிடக்கும் ஒரு சின்னப் பாலம். 'துளை'யும் நிற்காது. துளை என்றால் துணியில் ஓட்டை, அது பொத்தானுக்கு. தையல்காரர்கள் இரண்டுக்கும் காஜா என்றே சொல்வது உண்மைதான். பொத்தானும் காஜாவும் ஒரே போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கியவை. அவர்கள் மொழியில் 'காசா' என்றால் வீடு, பொத்தான் குடியிருக்கும் ஓட்டையும் அதேதான். பேச்சில் காஜா இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு பாடநூலில் இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் அது கைகொடுக்காது.

> 'கண்' என்பது ஆங்கிலத்தின் 'ஹூக் அண்ட் ஐ'யை அப்படியே பெயர்த்தது. தமிழில் ஊசிக்கே கண் கிடையாது, காதுதான். பட்டினத்தார் சொன்னதும் காதற்ற ஊசி.

நல்ல அடி ஐயா. இதைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க எனக்குப் பதில் இல்லை. ஊசிக்குக் காதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் வலைக்குக் கண் உண்டு, சல்லடைக்கு உண்டு, தேங்காய்க்கு மூன்று உண்டு, பாலத்துக்கும் மதகுக்கும் உண்டு. முரசில் அடி விழும் முகமும் கண்தான். ஆக, கண் என்று சொன்னதுமே ஆங்கில வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு மேல் ஒரு சாட்சி இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடலே. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், முதலாம் ராஜராஜன் காலத்தில் (985–1014) திருமேனிகளுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் நீளமாகப் போகும். பொன் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி என்று நிறை. முத்தென்றால் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று ரகம்வாரியாக எண்ணிக்கை. ஒரு கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கல்லில் வெட்டியது போலிருக்கும். அந்தக் கணக்கில் முத்து, பவளத்தோடு நகையின் பூட்டு உறுப்புகளையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள்: படுகண், கொக்குவாய்.

கொக்குவாய் என்பது கொக்கின் வாய்போல் வளைந்த முனை. படுகண் என்பது அது போய்ப் படும் கண். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும் இரண்டும் இருக்கின்றன. நாம் மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஜோடி ஆயிரம் வருஷமாகக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது. உடனே யாரும் "நாம்தான் முதலில்" என்று கொடி தூக்கவேண்டாம். நகை இருந்த ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு பூட்டும் இருந்திருக்கும். நகைப் பூட்டு வேறு, துணிப் பூட்டு வேறு. கொக்கி மாட்டுகிற இடத்தைக் கண் என்று சொன்னது நம் ஆசாரிகளின் பேச்சு, இறக்குமதி அல்ல என்பது மட்டுமே எனக்கு வேண்டியது.

காதா, கண்ணா என்ற சண்டையும் இதில் தானாகத் தீர்கிறது என்று நினைக்கிறேன். ஊசியில் நூல் நுழையும் இடம் காது. ஹூக்கிலும் நூல் நுழையும் இடம் உண்டு, துணியோடு தைக்கும் அந்த இரண்டு சின்ன வளையங்கள். அவற்றைக் காது என்போம். எதிர்ப்பக்கத்தில் நூல் நுழைவதில்லை, கொக்கி வந்து படுகிறது. அது படுகண்.

முழு ஹூக்கையும் கொக்குவாய் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கொக்கி என்ற சொல் உயிரோடு தெருவில் நடமாடுகிறது. நகைக்கடையில் இன்றைக்கும் 'எஸ் கொக்கி' என்றுதான் கேட்கிறோம். வளைந்த அலகுப் பகுதிக்கு மட்டும் தனியாகச் சொல் வேண்டும்போது கொக்குவாயை எடுத்துக்கொள்ளலாம்.

> ஊக்கு என்றே சொன்னால் என்ன?

தமிழ்நாட்டில் ஊக்கு என்றால் சேஃப்டி பின். ஹூக்தான் ஊக்கு ஆகி, அப்புறம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்பார்கள். திரும்ப அழைத்தால் குழப்பம்தான் மிச்சம்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத உறுப்பு ஒன்று. இந்தப் பூட்டு முழுக்க இழுவிசையில்தான் நிற்கிறது. இரண்டு ஓரமும் எதிரெதிராக இழுக்கும்வரை கொக்கி கழலாது. துணி தளர்ந்தால், குனிந்தால், மூச்சை வெளியே விட்டால், சத்தமில்லாமல் நழுவிவிடும். முதுகுப்பக்கம் கொக்கி வைத்த உடையில் ஒரே ஓரத்தில் எல்லாக் கொக்கியையும் வைக்காமல், ஒன்றுவிட்டு ஒன்று கொக்கியும் கண்ணுமாக மாற்றி வைப்பது இதற்காகத்தான். ஒரு பக்கம் தளர்ந்தாலும் வரிசை முழுக்க ஒன்றாகப் பிரியாது.

கம்பியிலேயே இதற்கு வழி செய்தது அமெரிக்காவில் ஃபிலடெல்பியாவின் டிலாங் நிறுவனம். 1889இல் அவர்கள் காப்புரிமை வாங்கிய கொக்கியில், அலகுக்கு நேர் கீழே கம்பி சற்றே மேடாக எழும்பியிருக்கும். வாய் அந்த இடத்தில் குறுகிவிடுவதால் கண் கொஞ்சம் இடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். போனபின் துணி தளர்ந்தாலும் மேட்டைத் தாண்டி வெளியே வராது. "அந்த மேட்டைப் பார்த்தீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வியையே விளம்பரமாக வைத்து ஊரெல்லாம் விற்றார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னது ஒட்டகத்துக்கும் காளைக்கும் முதுகில் இருப்பதன் பெயரை. நமக்கு அதற்குத் தேடவே வேண்டாம்: திமில். வீட்டில் உள்ள ஹூக்கைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், திமில் இருந்தால் தெரியும்.

> பிரா கொக்கியைக் கண்டுபிடித்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன்.

வாட்ஸாப்பில் சுற்றுவது. 1871 டிசம்பர் 19இல் அவர் தன் இயற்பெயரான சாமுவேல் கிளெமென்ஸ் பேரில் வாங்கிய காப்புரிமை, உடைகளுக்கான நீட்டிக் குறைத்துக் கழற்றி மாட்டும் நாடாவுக்கு. அது வெஸ்டுக்கும் பேண்ட்டுக்கும் நினைத்துச் செய்தது. பிராவின் முதுகில் இருப்பது கொக்கிப் பட்டையும், மூன்று வரிசைக் கண் வைத்த பட்டையும். புதிதாக வாங்கியதும் வெளிவரிசையில் மாட்டி, எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே வரவேண்டும் என்பதற்குத்தான் மூன்று வரிசை. நம்மில் பாதிப்பேர் முதல் நாளே உள்வரிசையில் மாட்டிவிட்டு மூச்சு முட்டுகிறது என்கிறோம்.

வெல்க்ரோவை இதில் கலக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதன் ஆங்கிலப் பொதுப்பெயரிலும் ('ஹூக் அண்ட் லூப்') கொக்கி வருவதால் ஒருவர் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டிருந்தார். அதில் கண் கிடையாது, காடாக மண்டிய நூல்சுருள்தான். நாயுருவி சேலையில் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

என் முன்மொழிவு: கொக்கி–படுகண் பூட்டு.

அன்புடன்,
காஜா கட்டியவர் மகள்

*

வணக்கம் அக்கா,

படுகண் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஒரு குறை மட்டும். பெயர்ச்சொல் எல்லாம் கல்வெட்டில இருந்து கொண்டுவந்திட்டியள், வினைச்சொல்லை மறந்திட்டியள். நீங்கள் 'மாட்டு' எண்டுவியள். யாழ்ப்பாணத்தில நாங்கள் 'கொழுவு' எண்டுதான் சொல்லுவம். சேட்டைக் கொழுவுறது, பையைக் கொழுவுறது, கடைசியில சண்டையையும் கொழுவுவம். கொக்கிக்கு எங்களுக்குக் கொழுக்கி. 'கொளுவி' எண்டு முதல்ல ஆரோ எழுதினதை எல்லாரும் புதுசாச் செய்த சொல் எண்டு நினைச்சுத் தள்ளினது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். அது செய்த சொல் இல்லை, எங்கட அம்மம்மாவின்ர வாயில இருந்த சொல்.

ஆண், பெண் எண்டு ஒட்டினதை நீங்கள் தள்ளினது சரி. தையல் பழகிற பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தப் போனால் வகுப்பு முழுக்கச் சிரிப்புத்தான்.

*

தம்பி,

குட்டு வாங்கிக்கொண்டேன். கொளுவியைக் கூட்டத்தோடு சேர்த்துத் தள்ளியது என் தப்பு. மாட்டு, கொழுவு இரண்டும் வினையாக இருக்கட்டும்; கொழுக்கி இணைச்சொல்லாகக் கட்டாயம் வரும்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். திமிலுக்குச் சிரித்தார். படுகண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "நான் காஜான்னே சொல்லிக்கிறேன்டி" என்றார். அதையும் பதிவில் சேர்த்திருக்கிறேன். பொதுவுக்குப் போகுமுன் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்:

கொக்கி–படுகண் பூட்டு: உடையின் இரண்டு ஓரங்களைச் சேர்க்கும் பூட்டு. ஓர் ஓரத்தில் காதுகள் வழியே தைத்த கம்பிக் கொக்கி. எதிர் ஓரத்தில் கம்பியாலோ நூலாலோ அமைந்த படுகண். கொக்கியின் வளைந்த முனை கொக்குவாய். கண் நழுவாமல் தடுக்கும் மேடு திமில். வினை: மாட்டு, கொழுவு. ஈழ வழக்கு: கொழுக்கி. தையல்கடை வழக்கு: ஹூக், காஜா.

பேண்ட்டில் வரும் தட்டையான தகட்டு ஹூக்குக்குத் தனிப் பதிவு வேண்டுமா, இதிலேயே 'தகட்டுக் கொக்கி' என்று ஒரு வரி போதுமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பிரஸ் பட்டனுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கேயும் யாரும் ஆண்–பெண் என்று ஆரம்பிக்கவேண்டாம்.