ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் மனச்சிதைவை மூளை நோய் என்பது எப்படி?

லிந்துலை வாசகி:
என் தம்பிக்கு வயது 22. யாரோ இருவர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது காதில் விழுவதாக ஏழு மாதங்களாகச் சொல்கிறான். கிளினிக்கில் மனச்சிதைவு என்று கூறி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் மூளை சரியாக இருப்பதாக எழுதியிருப்பதால், "அப்படியானால் இது காத்துக்கருப்புதான்" என்று அப்பா கோடாங்கியை அழைத்து வந்துவிட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதுளை மாணவன்:
அக்கா, கட்டி, இரத்தக்கசிவு போன்றவை இல்லை என்று உறுதிசெய்யவே அந்த ஸ்கேனை எடுப்பார்கள். 1976 இல் பிரித்தானிய மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டனின் குழுவினர் சி.டி. மூலமே நோயாளிகளின் மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் சற்றுப் பெரிதாயிருப்பதைக் கண்டார்கள். நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிறுத்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. ஆனால் இவை பலரைச் சேர்த்து ஒப்பிட்டால் தெரியும் சராசரி வேறுபாடுகள் என்பதால், ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது.

கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கிறது. நடுமூளையிலிருந்து ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குச் செல்லும் டோபமைன் என்ற மூளை இரசாயனம், "இதைக் கவனி" என்று அறிவிக்கிறது. முன்பு தோட்டங்களில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) ஆள் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பார்களே, அதைப் போல. நள்ளிரவில் காரணமின்றித் தப்பு ஒலித்தால் லயத்து வீடுகளிலுள்ளவர்கள் எழுந்து காரணம் தேடுவார்கள் அல்லவா? டோபமைன் கண்ட நேரத்தில் சுரக்கும்போது, அடுத்த வீட்டுக்காரர் இருமினாலும் அது தனக்கான சைகை என்று மனம் கதை கட்டுகிறது. பாடநூல்கள் ஸ்ட்ரையேட்டத்தில் உணர்ச்சியோடு தொடர்புடைய கீழ்ப்பகுதியையே காட்டினாலும், மூளை இரசாயனங்களின் செயலைக் காட்டும் பெட் ஸ்கேன் ஆய்வுகளில் டோபமைன் மிகுதி தெளிவாகத் தெரிவது, நெற்றிப்புற மூளையோடு இணைந்த மேற்பகுதியில்தான்.

குரல்களுக்கு வேறொரு சுற்றும் உண்டு. நாம் மனதுக்குள் பேசும்போது, மூளையின் பேச்சுப் பகுதி, "இது நம்முடையதே" என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராதபோது சொந்த எண்ணமே அந்நியக் குரலாகக் கேட்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கண்டிவாசி:
தம்பி சொல்வது சரி, எனினும் டோபமைனோடு நின்றுவிடக் கூடாது. கெட்டமைன் என்ற மயக்கமருந்து குளுட்டமேட் என்ற மற்றொரு மூளை இரசாயனத்தைப் பெறும் ஏற்பி ஒன்றை அடைக்கும்போது, நலமாக இருப்பவரிடமும் சிறிது நேரம் இதையொத்த அறிகுறிகள் தோன்றுகின்றன. பேச்சுக் குறைதல், ஆர்வமின்மை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை நெற்றிப்புற மூளையோடும், தகவல்களைக் கடத்திவிடும் தாலமஸ் என்ற பகுதியோடும் தொடர்புடையவை. டோபமைனைத் தடுக்கும் மருந்துகள் இவற்றுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. குரல் நின்ற பின்னும் தம்பி சோர்ந்து கிடந்தால் அதைச் சோம்பல் என்று ஏச வேண்டாம்.

ஓய்வுபெற்ற தாதி, ஹட்டன்:
தங்கச்சி, கை நடுங்கினாலோ உடல் விறைத்தாலோ மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அசைவை நடத்தும் சுற்றும் டோபமைனால் இயங்குவதால், அதே மருந்து அங்கேயும் தடை போடுகிறது. கிளினிக்கில் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்பா நூல் கட்டினால் கட்டட்டும், மாத்திரை மட்டும் தவறக் கூடாது.

லிந்துலை வாசகி:
தப்பு அடிக்கும் உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன். அவருடைய தகப்பனார் தப்பு அடித்தவர். அடுத்த கிளினிக் நாளுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.