எக்ஸ்-மென் இரண்டாம் படத்தை 13 வயது மகனோடு பார்க்கலாமா?

ஈசூன் அம்மா:
மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். போன வாரம் ரயிலில் இவன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டாராம், "நம்ம நிறத்தாலயா அம்மா?" என்று கேட்டான், எனக்குப் பதிலே வரவில்லை. பிறவியிலேயே அபூர்வ சக்தி இருப்பதால் மற்றவர்கள் ஒதுக்கும் 'மியூட்டண்ட்'களின் கதை என்பதால், 2003இல் வந்த அந்தப் படத்தைச் சேர்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முதல் படம் பார்க்காமல் புரியுமா?

பொங்கோல்வாசி:
புரியும் அக்கா. மனிதர்களோடு சேர்ந்து வாழலாம் என்கிறார் மியூட்டண்ட் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் சேவியர், இன்னொரு மியூட்டண்ட் தலைவரான மேக்னீட்டோ அதை நம்பவில்லை, இது தெரிந்தால் போதும். பாபி வீட்டுக் காட்சியைத் தவறவிடாதீர்கள். பனியை வரவழைக்கும் அந்தப் பையன் தான் யார் என்று பெற்றோரிடம் சொல்கிறான், மியூட்டண்டாக இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா என்று பெற்ற தாயே கேட்கிறார், தம்பி போலீசுக்குப் போன் போடுகிறான். எந்தச் சண்டையும் என்னை அவ்வளவு உலுக்கவில்லை.

தேக்கா ரசிகை:
நைட்கிராலர் என்ற மியூட்டண்ட் நீல உடம்பு, வால் என்று பார்த்தாலே பயப்படும் உருவம், ஆனால் அவர்தான் எப்போதும் பிரார்த்தனை செய்கிறவர். வேறு உருவத்திலேயே இருந்துவிடலாமே என்று, யாராகவும் உருமாறக்கூடிய மிஸ்டிக்கிடம் கேட்கிறார். அப்படி ஒளிய வேண்டிய அவசியமே நமக்கு இருக்கக் கூடாது என்பதுதான் அவள் பதில். அங்கே படத்தை நிறுத்தி மகனோடு பேசுங்கள். அப்புறம், இரவில் சேவியரின் பள்ளிக்குள் சிப்பாய்கள் புகும் இடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும்.

ஈசூன் அம்மா:
சரி, மகளைத் தூங்க வைத்துவிட்டுச் சனிக்கிழமை பார்க்கிறோம். ரொம்ப நன்றி.